நெடுந்தீவுக்கு ஒரு குடும்பப் பிரயாணம்

சித்திரை வருடப் பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகுகின்றோம், புத்தாடை அணிகின்றோம், நல்ல வேளை பார்த்துக் கைவிசேஷம் கொடுக்கின்றோம். ஆயினும், அவ்வாண்டிற் குடும்பத்தார் அனைவருங் கூடிச் செய்யவேண்டியது யாது என ஆராயும் வீடுகள் மிகச் சிலவே. இம்முறை நம் வீட்டில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம் ஒன்றைக் கடதாசித் துண்டில் எழுதித் தரவேண்டுமென ஏற்பாடு செய்தோம்.

எண்பது வயதைக் கடந்த அப்பாச்சி, தாம் பிறந்த நெடுந்தீவைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென எழுதுவித்தார். மூத்த மகளோ பல்கலைக்கழகக் கல்விக்காகப் பேராதனை செல்லவிருக்கிறாள். எல்லோரும் ஒருங்கிருக்கும் காலம் இதுவே. ஆதலின் அவ்விருப்பத்துக்கே முதலிடம் கொடுத்தோம்.

வைகாசியிற் சோழகக் காற்று வலுத்தாற் கடல் கொந்தளிக்கும். மாரியில் வாடைக்காற்று வருத்தும். அமைதியான கடலும் பாடசாலை விடுமுறையும் ஒருங்கே வாய்ப்பது சித்திரையிலேயாம். கைவிசேஷக் காசையே செலவுக்குச் சேர்த்தோம். கணக்கு மகள் பொறுப்பு. கட்டுச்சோறு தாயார் பொறுப்பு. தண்ணீர்ப் போத்தல்கள் இளையவன் பொறுப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலங் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தோம். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். மாவிலித்துறையில் இறங்கியதும், 1985 மே 15இற் குமுதினிப் படகிற் கொல்லப்பட்டோரின் நினைவுத்தூபி நின்றது. அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அவர்கள் தலைகுனிந்து நின்றனர்.

தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இதனை டெல்வ்ற் என அழைத்தனர். பாழடைந்த கோட்டையையும், அடிமரத்திற் பொந்துடைய பெருக்கு மரத்தையும் கண்டோம். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளிகளிற் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. கோடையில் நீரின்றி அவை படுந்துயர் பெரிது.

நம் கண்களைப் பெரிதுங் கவர்ந்தவை கல்வேலிகளே. சாந்து சிறிதுமின்றி, பவளப்பாறைக் கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வேலிகள் வளவுகள்தோறும் நீண்டு செல்கின்றன. அப்பாச்சி பிறந்த வீட்டின் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வேலி மாத்திரம் நின்றது.

"இது எங்கள் அப்பு அடுக்கிய வேலி" என்று அவர் அதன்மீது கைவைத்தார். எவரும் சொல்லாமலே, கீழே கிடந்த கல்லொன்றை எடுத்து இளையவன் அவ்வேலியில் அடுக்கினான். அப்பாச்சி தம் இளமைக் கதைகளை அன்றுபோல் என்றும் நமக்குச் சொன்னதில்லை.

இத்தகைய பிரயாணத்தை மேற்கொள்ளும் அன்பர்கள் திரும்பும் படகின் நேரத்தை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். தீவில் நன்னீர் அருமையாதலாற் குடிநீரைக் கொண்டுசெல்லுதல் நன்று. குடும்பத் திட்டம் வகுக்கும்போது பலவற்றை எழுதிவைத்து யாதொன்றுஞ் செய்யாது விடுவதினும், ஒன்றை எடுத்து நாளுங் குறித்து நிறைவேற்றுவதே மேல். அவ்வொன்றைத் தெரியும்போது வீட்டு முதியவரின் விருப்பத்தை அடுத்த ஆண்டுக்கென ஒத்திவைத்தல் தகாது.