ஃபில்டர் மாத்தினேன், காது மாறலை

பத்து நாளா ராத்திரி 11 மணிக்கு மேல எங்க வீட்டு ஹால்ல ஒரு கூத்து. ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரே டிராக்கை முப்பது தடவை கேக்கறது, நோட்டுல ஏதோ எழுதறது, மறுபடி கேக்கறது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986-ல வந்தது. வி.எஸ்.நரசிம்மன் வயலின். எட்டாவது நாள் தங்கமணி பொறுமை இழந்துட்டாங்க.

"ஏனுங்க, அந்த ஃபிடில்காரரு இன்னும் வாசிச்சு முடிக்கலீங்களா?"

தீபாவளி போனஸ்ல ஒரு டிஏசி வாங்கினதுதான் காரணம். கம்ப்யூட்டர்ல எண்ணா இருக்கற பாட்டை ஒலியா மாத்தற பெட்டிங்க. மெனுவுக்குள்ள போனா ஃபில்டர்னு ஒரு பட்டியல். ஷார்ப், ஸ்லோ, லீனியர் ஃபேஸ், மினிமம் ஃபேஸ்... பத்தாததுக்கு ஃபூபார்2000-ல சாக்ஸ்னு ஒரு அப்சாம்ப்ளிங் ப்ளக்-இன். (சாக்ஸ்னதும் நம்மூரு சரக்குன்னு நினைச்சுடாதீங்க. :-))

விஷயம் என்னன்னா, சிடியில ஒரு செகண்டுக்கு 44,100 புள்ளிகள். அதுல அதிகபட்சம் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலியைப் பதியலாம். அந்தப் புள்ளிகளைத் திரும்ப ஒலியாக்கும்போது, கண்ணாடியில பிம்பம் விழற மாதிரி மேல ஒரு நகல் வந்து ஒட்டிக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 24.1-ல நகல். 20-ஐ விடணும், 24.1-ஐ வெட்டணும். நடுவுல இருக்கற சந்து ரொம்பச் சின்னது.

1982 அக்டோபர்ல ஜப்பான்ல வந்த சோனி சிடிபி-101, இந்த வெட்டை அனலாக் பாகங்களை வெச்சே செங்குத்தா வெட்டுச்சு. பிலிப்ஸ்காரங்க முதல் பிளேயர் சிடி100-ல வேற வழி பிடிச்சாங்க. 44.1-ஐ நாலு மடங்காக்கி 176.4-க்குக் கொண்டு போயிட்டா நகல் எங்கியோ தூரமாப் போயிடும், அப்புறம் சாதா ஃபில்டரே போதும். கையில இருந்தது 14 பிட் சிப்புதான், அதை வெச்சே 16 பிட் தரத்தை எட்டிட்டாங்க. இன்னைக்கு நாம பேசற அப்சாம்ப்ளிங்கோட தாத்தா அதுதான்.

ஒண்ணை மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். அப்சாம்ப்ளிங் பண்ணினா பாட்டுல புதுசா எதுவும் சேராது. 24 கேஜ் மெஷின்ல ஓட்டின துணியை ஸ்டென்டர்ல எவ்வளவு இழுத்தாலும் 28 கேஜ் ஆகுமா? ஆகாதுல்ல, அதேதான். வெட்டற வேலையை டிஏசி பண்றதா, கம்ப்யூட்டர் பண்றதா, எப்படி வெட்டறதுங்கறதுதான் கேள்வி.

செங்குத்தா வெட்டினா ஓரத்துல அதிர்வு வரும். லீனியர் ஃபேஸ்ல அந்த அதிர்வு ஒலிக்கு முன்னாடியும் பின்னாடியும் சமமா இருக்கும். மிருதங்கத்துல அடி விழறதுக்கு முன்னாடியே லேசா நடுங்கும்னு சிலர் பயப்படுவாங்க. மினிமம் ஃபேஸ்ல எல்லாம் பின்னாடி போயிடும், பதிலுக்கு உச்ச ஒலிகளோட நேரம் கொஞ்சம் நகரும். ஸ்லோ ஃபில்டர்ல அதிர்வு கம்மி, ஆனா உச்சத்துல சத்தம் குறையும், நகலும் கொஞ்சம் கசியும். ஆனா பாருங்க, அந்த அதிர்வு நடக்கறதே 22 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல!

நான் என்னமோ முதல் நாளே "மினிமம் ஃபேஸ்ல வயலின் உயிரோட இருக்கு"ன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் ஃபேக்டரில ஒரு லேப் டிப் அப்ரூவலுக்கு நிக்கும்போது உறைச்சுது. ஷேடு பாக்க லைட் பாக்ஸ்ல டி65, டிஎல்84-ன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறோம், எது எந்த டையிங்ல இருந்து வந்துச்சுன்னு தெரியாமப் பாத்தாத்தான் நேர்மையாச் சொல்றோம். காதுக்கு மட்டும் ஏன் பேர் சொல்லிக் குடுக்கணும்?

அன்னைக்கு ராத்திரி எட்டாவது படிக்கற மகளை உக்கார வெச்சேன். அவ சொல்லாம ஃபில்டர் மாத்துவா, நான் எதுன்னு சொல்லணும். ஷார்ப்பா ஸ்லோவா, 20 தடவை. நான் 11 சரி. காசைச் சுண்டினாலே 10 வரும்!

"இப்ப நீ கேளு சாமி"ன்னு ஹெட்போனை அவகிட்ட குடுத்தேன். 20-க்கு 16.

"ஒண்ணுல ஜல்ஜல்லுனு சத்தம் கம்மியா இருக்குதுங்ப்பா. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

சந்தேகத்துல டோன் ஜெனரேட்டரை ஓட்டினேன். அவளுக்கு 17 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குது. எனக்கு 11-லயே நின்னுடுச்சு. நான் "போடு போடு"ங்கறேன், "போட்டுட்டேனுங்ப்பா"ங்கறா. அவ முகத்துல சிரிப்பு போயிடுச்சு.

காது டாக்டர் ஆடியோகிராமைப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "மெஷின் பக்கத்துல வேலைங்களா?" கோட்டுல 4,000 ஹெர்ட்ஸ்கிட்ட ஒரு குழி. வயசானா உச்சத்துல இருந்து கொறையும், குழி விழுந்தா சத்தத்துல போனதுன்னார். நிட்டிங்ல 19 வருசம். போனது திரும்பாதுன்னும் சொல்லிட்டார். நம்ம நாட்டு விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைக்கும் விடுது. அமெரிக்காவோட நியோஷ் 85 தான் எல்லைங்குது. பக்கத்துல நிக்கறவன்கிட்ட கத்திப் பேசவேண்டியிருந்தா எல்லை தாண்டியாச்சுன்னு அர்த்தம். நாங்க 19 வருசமா கத்தித்தான் பேசறோம்.

20 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கற நூலிழைக்குப் பத்து ராத்திரி முழிச்சேன். 4-ல விழுந்த ஓட்டையைப் பாக்கலை.

மறுநாளே மெடிக்கல்ல ஃபோம் இயர்ப்ளக் வாங்கிட்டேன். பஞ்சு வெச்சுக்கிட்டா போதும்னு நம்மாளுங்க சொல்வாங்க, போதாதுங்க. திருப்பூர்ல பஞ்சுக்குப் பஞ்சமில்லை, ஆனா அது சத்தத்தைப் பெருசாத் தடுக்காது. மச்சான் பையன் போன மாசம்தான் நிட்டிங்ல சேந்தான். மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டு கேக்கறதுக்கு ஃபோனை ஃபுல் வால்யூம்ல வெக்கறான். அவன் காதைப் பிடிச்சு ப்ளக்கை மாட்டி விட்டேன். "போங்க மாமா"ன்னான். கழட்டலை, அது போதும்.

கொசுறு: கடைசியா நான் வெச்சிருக்கற செட்டிங் இதுதான். 44.1-ஐ எட்டு மடங்கா 352.8, லீனியர் ஃபேஸ், அதுக்கு முன்னாடி வால்யூமை 3 டெசிபல் குறைச்சிருக்கேன். சத்தமா மாஸ்டர் பண்ணின பாட்டுல ரெண்டு புள்ளிக்கு நடுவுல அலை எல்லை தாண்டிப் பிசிறடிக்கும், அதுக்குத்தான். இது மட்டும் யார் காதுக்கும் பிரயோஜனப்படும். மத்ததெல்லாம் மக தேர்ந்தெடுத்தது. அவ காது, அவ ஓட்டு. :-)

நீங்களும் பேர் தெரியாம ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டு, 20-க்கு எத்தனைன்னு சொல்லுங்க.