ஒன்றும் இரண்டும் வராத தராசு
இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்

என் தாய் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையொன்றில் காய் பொறுக்கும் வேலை செய்கிறாள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாய் வந்திறங்கும் காயில் பருத்ததையும் சிறுத்ததையும் வெடித்ததையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். பிரித்ததை நிறுத்துக் கிலோக் கணக்கில் கூலி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான் அந்தக் கூலியில்தான் படிக்கிறேன்.

சென்ற ஆடியில் அக்கடையின் பழைய மின்னணுத் தராசு பழுதாகிப் புதியது வந்தது. தராசின் முதுகிலிருந்து கணிப்பொறிக்கு ஒரு கம்பி போகும். எடை தானே கணக்கில் ஏறிச் சீட்டாக அச்சாகும். புதுத் தராசு வந்த நாள் முதல், எடை எப்போதாவது சரியாக வந்தது. மற்ற வேளைகளில் புரியாத குறிகளாக வந்தது. அப்போதெல்லாம் கணக்குப்பிள்ளை தராசைப் பார்த்துத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை கூலி வாங்கும்போது அம்மாவுக்குப் பதினொரு கிலோ குறைந்தது.

“எழுதினது எல்லாம் ஏறலையேய்யா. கேட்டா, மிஷினைக் கேளுங்குறாரு” என்றாள்.

மிஷினையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

அன்றிரவு அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளைத் தரையில் பரப்பினேன். அச்சில் வந்தவை 9.650, 6.305, 5.960, 9.335. கையால் எழுதியவை 8.350, 7.120, 6.410 என்று நீண்டன. நெடுநேரம் பார்த்த பிறகே ஒன்று புலப்பட்டது. அச்சான சீட்டு எதிலும் 1, 2, 4, 7, 8 ஆகிய இலக்கங்கள் இல்லை!

இலக்க மின்னணுவியல் வகுப்பில் ‘பேரிட்டி’ நடத்தியபோது, இது தேர்வுக்கு மட்டுமே உதவும் என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன். ஆஸ்கி முறையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு பிட்டுகள். அவற்றில் ‘1’களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் எட்டாவதாக ஒரு ‘1’ சேர்த்து இரட்டைப்படையாக்கி அனுப்புவது ஒரு முறை. 0, 3, 5, 6, 9 இவற்றில் எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படை. எட்டாவது பிட் சுழியம். எப்படிப் படித்தாலும் மாறாது. மற்ற ஐந்துக்கும் எட்டாவது பிட் ‘1’. கணிப்பொறியோ எட்டுப் பிட்டுகளையும் எழுத்தென்றே கொண்டால் குப்பைதான் வரும். தராசு ஒருவிதமாகப் பேச, கணிப்பொறி வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது!

திங்களன்று பேராசிரியர் ஒருவர், சீரியல் கம்பியை யுஎஸ்பி துளையில் இணைக்கும் மாற்றியை ஆய்வகத்திலிருந்து தந்தார். அந்த சீரியல் இணைப்பின் ஆர்எஸ்-232 விதிமுறை 1960-இல் வந்தது. என் அம்மாவுக்கும் மூத்தது. மடிக்கணினி, சித்தி மகள் பிளஸ் டூவில் அரசிடம் பெற்றது. அக்கா மணமாகிப் போனபின் என்னிடம் வந்தது. அதில் பாஸ் லினக்ஸ் இருந்தது.

கடையில் கணக்குப்பிள்ளை, “தம்பி, உடைச்சுப்புடாதப்பா” என்றார். கம்பியைச் செருகி ‘டிமெஸ்ஜி’ என்று கட்டளையிட்டேன். ‘டிடிஒய் யுஎஸ்பி0’ என்ற பெயரில் போர்ட் தென்பட்டது. திறக்க முயன்றேன், அனுமதி இல்லை என்றது. ‘சூடோ’ போட்டுத் திறந்தேன். முதலில் 9600 வேகம், எட்டுப் பிட், பேரிட்டி இல்லை என்று வைத்துப் பார்த்தேன். அதே குப்பை. பின் ‘எஸ்டிடிஒய்’ கட்டளையில் ‘சிஎஸ்7’ என்று ஏழு பிட்டும், ‘பேரென்பி’ என்று பேரிட்டியும், ‘பேராட்’ முன் ஒரு கழித்தல் குறியிட்டு இரட்டைப்படையும் கொடுத்தேன். விரல்கள் நடுங்கியதை மறைப்பானேன்?

அம்மா தன் கூடையைத் தராசில் வைத்தாள். திரையில் 8.412 என்று வந்தது. தராசிலும் 8.412.

கடைக் கணிப்பொறியின் பில் மென்பொருளிலும் அவ்வாறே மாற்றினோம். முதலாளி இருநூறு ரூபாய் நீட்டினார். நான் வாங்கவில்லை, அந்தப் பதினொரு கிலோவைப் பற்றிக் கேட்டேன். “சீட்டெல்லாம் தேடிப் பார்க்கச் சொல்றேன்” என்றார். அந்தக் கிலோக்கள் இன்னும் வரவில்லை. அம்மா மட்டும் இப்போது தராசையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒத்த பிறகே கூடையை இறக்குகிறாள்.