அபயமிடுவதா, மறுபடி எழுதுவதா?



நம் சபையின் பிள்ளைகளில் பலர் செவிலியர் படிப்பை முடித்துவிட்டுப் பிரிட்டனுக்குச் செல்ல ஆயத்தப்படுவதை அறிவீர்கள். அவர்களுள் ஒரு மகளுக்குச் சென்ற வாரம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் முடிவு வந்தது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7. எழுதுதலில் மட்டும் 6. அந்நாட்டின் நர்ஸிங் கவுன்சில் எழுதுதலில் கேட்பது 6.5. குறைவு அரை மதிப்பெண்தான். ஆனால் அதற்குப் பின்னே அடகு வைத்த நகையும் மாதந்தோறும் ஏறும் வட்டியும் நிற்கின்றன. மறுமதிப்பீடு கோருவதா, மறுபடி தேர்வு எழுதுவதா என்று பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழக்கூடும்.

மறுமதிப்பீடு கோருவது அவிசுவாசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. செசரியாவில் இரண்டு ஆண்டுகள் காவலில் கிடந்த பவுல், பெஸ்துவின் முன்னிலையில் இராயனுக்கு அபயமிட்டார். மேல்முறையீட்டுக்கு நம் வேதாகமம் வழங்கும் பழைய சொல் அது. எத்தனை அழகிய சொல்! சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்த அவர் கூசவில்லை. ஆயினும் அதே மூச்சில், குற்றம் மெய்யானால் சாவுக்கும் தாம் பின்வாங்குவதில்லை என்றார். அபயமிடுகிறவன் தன்னையும் நியாயத்தராசில் வைத்தாக வேண்டும். நாம் மறந்துவிடுவது இந்தப் பாதியைத்தான்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மறுமதிப்பீட்டுக்கு, தேர்வு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கேட்டலுக்கும் வாசித்தலுக்கும் 40 கேள்விகள் வீதம், விடைகள் நிர்ணயிக்கப்பட்டவை. அங்கே மாற்றத்தை எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். எழுதுதலையும் பேசுதலையும் மனிதர் மதிப்பிடுகிறார்கள்; மாற்றம் நேர்ந்தால் அங்கேதான் நேரும்.

ஆகையால் நான் அம்மகளிடம் ஒன்றே கேட்டேன்: "சென்ற முறை எழுதுதலில் எவ்வளவு, அம்மா?" அப்போதும் 6. பயிற்சிக் கட்டுரைகளிலும் பெரும்பாலும் 6. முன்பு 7 பெற்றவர் திடீரென 6க்கு இறங்கினால், நானே முன்னின்று மறுமதிப்பீடு கோரச் சொல்வேன். இங்கோ இரண்டு தேர்வுகளும் ஒரே சாட்சியைச் சொல்லுகின்றன. தகப்பனார் அதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. எவரோ ஒருவர் தவறிழைத்தார் என்ற நம்பிக்கை, மகளுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை என்ற உண்மையைவிட அவருக்கு இலகுவாயிருந்தது. அவர்மேல் எனக்குக் குறையில்லை. வட்டி கட்டுகிறவர் அவர்.

அவர்கள் அறியாதிருந்த ஒன்று மனபாரத்தைக் குறைத்தது. 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை அந்தக் கவுன்சில் சேர்த்துக் கணக்கிடுகிறது. எந்தத் தேர்விலும் எழுதுதல் 6க்கும் மற்றவை 6.5க்கும் கீழே போகக் கூடாது, அவ்வளவே. அப்படியானால் ஏற்கெனவே பெற்ற மூன்று 7களும் வீணாகவில்லை. அடுத்த முறை எழுதுதலில் 6.5 பெற்று, மற்ற மூன்றிலும் 6.5க்குக் குறையாதிருந்தால் போதும். கணினித் தேர்வில் ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் திரும்ப எழுதும் வசதியும் உண்டு. நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பு அதை ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் மறுபடி எழுதத் தீர்மானித்திருக்கிறாள். எழுதுதலின் இரண்டாம் கட்டுரைக்கு முதலாவதைப்போல் இருமடங்கு மதிப்பு. 60 நிமிடத்தில் 40 நிமிடத்தை அதற்கென ஒதுக்கித் தினமும் ஒன்று எழுதுகிறாள். நம் சபையில் ஆங்கில ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் அவற்றைத் திருத்தித் தர இசைந்திருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் அவளைக் காணும்போது, "ரிசல்ட் என்னாச்சு?" என்று கேளாதிருங்கள். ஜெபியுங்கள், அதை அவளுக்குச் சொல்லவும் வேண்டாம்.