கறுப்பு பெயின்ட்

பழைய காரின் ரேடியேட்டரில் பிளாஸ்டிக் கழுத்து உடைந்தால் ஒட்டி ஓட்டக் கூடாது. டேங்கை மாற்ற வேண்டும், கிடைக்காவிட்டால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தே ஒட்டினேன். ஒட்டிய வண்டியை எங்கள் தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கும் தம்பிக்கு விற்றேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

உடைத்ததும் நான்தான். மேல் ஹோஸ் உப்பிப் போயிருந்தது, மாற்றிவிடலாம் என்று கிளிப்பைத் தளர்த்தினேன். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரிப்பதுதான் முறை. புது ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறேனோ, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினேன். முறுக்கை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். பாதிக் கழுத்து ஹோஸுக்குள்ளேயே போய்விட்டது. உடைந்த ஓரம் வெளுத்திருந்தது, விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது.

இந்த டேங்குகள் கண்ணாடி இழை கலந்த நைலான் 66. 1935-இல் அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் காரதர்ஸ் குழு உண்டாக்கிய அதே நைலான்தான். முதலில் பல் துலக்கும் பிரஷுக்கும் பெண்களின் காலுறைக்கும் போனது, பிறகு பல் சக்கரம், ரேடியேட்டர் என்று எங்கெங்கோ வந்துவிட்டது. நைலான் உருவாகும்போது தண்ணீர் பிரிந்து வெளியேறுகிறது. கொதிநிலையை ஒட்டிய தண்ணீரில் வருடக்கணக்காக ஊறினால் அந்த வினை பின்னோக்கி நடந்து, சங்கிலி கண்ணி கண்ணியாக அறுகிறது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் யாராவது பிளேயரோடு வருவான்.

அம்பாசிடர் காலத்து ரேடியேட்டர் என்றால் பித்தளையும் செம்பும். ஓட்டை விழுந்தால் பட்டறையில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அலுமினியக் கூட்டின் மேல் ரப்பர் வைத்து, பிளாஸ்டிக் டேங்கை உட்காரவைத்து, ஓரத்துப் பற்களை மடக்கி இறுக்கிவிடுகிறார்கள். அந்தப் பற்களைப் பொறுமையாக நிமிர்த்தி வேறு டேங்க் போட்டுத் தரும் ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள். புதுப்பேட்டையில் தேடினால் பழைய ரேடியேட்டரும் கிடைக்கும். நான் போகவில்லை. வண்டியை விற்பதென்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். விற்கப்போகும் வண்டிக்கு எதற்குச் செலவு?

சின்ன அலுமினியக் குழாய்த் துண்டை அளவாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, கழுத்துக்குள் செருகினேன். சுற்றிலும் அரால்டைட், அதன்மேல் எம்-சீல். மறுநாள் கல்லாக இறுகியிருந்தது. ஆனால் வீட்டுச் சூட்டில் இறுகும் இந்தப் பசைகளில் பெரும்பாலானவை அறுபது டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். இன்ஜின் தண்ணீரோ தொண்ணூறில் ஓடும். நைலானை அவை சரியாகப் பிடிப்பதும் இல்லை. போதாததற்கு மூடி இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறத்தான் வேண்டும். 0.9 பார் அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் நூறில் கொதிக்காமல் சுமார் 118 டிகிரி வரை தாங்கும்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூடியை முழுக்கத் திருகாமல் முதல் படியோடு நிறுத்திவிட்டேன். அழுத்தமே ஏறாது, ஒட்டும் விடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், காலையில் ஊற்றிக்கொள்ளலாம். தெருவுக்குள் ஓட்டிக் காட்ட அது போதும்.

கடைசியாக அந்தப் புடைப்பின்மேல் கறுப்பு பெயின்ட் அடித்தேன். ஒட்டியதற்காவது கஞ்சத்தனம் என்று காரணம் சொல்லலாம். இன்னொருவர் கண்ணில் படக் கூடாது என்பதைத் தவிர பெயின்டுக்கு வேறு காரணம் இல்லை.

தம்பி பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியைப் பற்றிக் கேட்டார், டயரைப் பற்றிக் கேட்டார். “ரேடியேட்டர்லாம் ஓகேதானே சார்?” என்றும் கேட்டார். “தண்ணி மட்டும் பாத்துக்கங்க தம்பி” என்றேன். பதில் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. அன்றைக்கு அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அமாவாசைக்குக் குடும்பத்தோடு மேல்மலையனூர் கிளம்பியிருக்கிறார். கிளம்பும் முன் தண்ணீர் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. பார்த்துவிட்டு, பொறுப்பான மனுஷன் செய்வதுபோல மூடியை நன்றாக இறுக்கினார். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் தாண்டி வண்டி ஒழுங்காகப் போயிருக்கிறது. அச்சிறுப்பாக்கம் பக்கத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் தானாகக் கீழே இறங்கிவிட்டது. அப்பாடா, தணிந்துவிட்டது என்று தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். கழுத்து பிய்த்துக்கொண்டு தண்ணீர் மொத்தமும் போய்விட்டால், சென்சாரைத் தொட உள்ளே தண்ணீர் இருக்காது. முள் இறங்கத்தான் செய்யும். இன்ஜின் நின்ற பிறகுதான் அவருக்குப் புரிந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட் வளைந்திருந்தது.

ரோட்டோரத்தில் நின்றுகொண்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தார். பின்னால் குழந்தை அழும் சத்தம். “முள்ளை நம்பக் கூடாது தம்பி, ஏறினதுமே ஆஃப் பண்ணியிருக்கணும்” என்றேன். உண்மைதான். அந்த நேரத்தில் அவருக்கு நான் கொடுத்த உண்மை அது ஒன்றுதான். “என் தப்புதான் சார்” என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஹெட்டை ஃபேசிங் போட்டு, பழைய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டி, வண்டி வெளியே வர ஆன செலவு, நான் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு. கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது அவரே கணக்குச் சொன்னார். மெக்கானிக் அந்தக் கறுப்புப் புடைப்பைச் சுரண்டிக் காட்டி, வேண்டுமென்றே செய்த வேலை என்றாராம்.

“நம்ம சார் அப்படிப்பட்டவர் இல்லைன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்த ஆளோட வேலையாத்தான் இருக்கும், இல்லையா சார்?”

“இருக்கலாம்” என்றேன்.

எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீசல் போட்டது, ஆயில் மாற்றியது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்து, வண்டியோடு என்னிடம் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில், ரேடியேட்டர் டேங்க் பழசாகிவிட்டது, சீக்கிரம் மாற்றவும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதற்காக விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வண்டியை விற்றபோது ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன், இரண்டாவது சாவியைக் கொடுத்தேன். அந்த நோட்டை மட்டும் கொடுக்கவில்லை.