பிரிக்க மறந்த சாரம்

பாட்டுப் பாடுபவர், காமிக்ஸ் வரைபவர், பாட்காஸ்ட் நடத்துபவர்... இவர்களுக்கு ரசிகர்களே மாதாமாதம் ஒரு தொகையை அனுப்ப உதவும் தளம் பேட்ரியான். ஜாக் கான்டே என்ற இசைக்கலைஞரும் சாம் யாம் என்ற மென்பொருள் பொறியாளரும் 2013-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்துவிட்டார்கள். பணம் அனுப்பும் இடம் என்பதால் பெயர், மெயில் முகவரி, சிலர் வீட்டு முகவரி எல்லாம் அங்கே இருந்தன.

2015 செப்டம்பர் 28 அன்று யாரோ உள்ளே புகுந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஏறக்குறைய 15 ஜிபி டேட்டா இணையத்தில் கொட்டப்பட்டுவிட்டது. அதில் மெயில் முகவரிகள் மட்டும் சுமார் 23 லட்சம்!

இவ்வளவு பெரிய திருட்டு என்றால் இருட்டறை, கறுப்பு ஹூடி, மின்னல் வேகத்தில் டைப் அடிக்கும் விரல்கள் என்று சினிமா நம் கண் முன் ஓடும். இங்கே அதெல்லாம் தேவைப்படவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

புது வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கும்போது சுவரை ஒட்டிச் சாரம் கட்டியிருப்பார்கள். வேலை முடிந்தும் அதைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? வாசல் கதவில் எத்தனை பூட்டு தொங்கினாலும் திருடன் மாடி ஜன்னல் வரை சுலபமாக ஏறிவிடுவான். இணையதளம் கட்டுபவர்களுக்கும் இப்படி ஒரு சாரம் உண்டு. அதன் பெயர் டீபக்கர். எழுதிய கோடில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க உதவும் கருவி.

பேட்ரியானில் இருந்தது வெர்க்ஸாய்க் என்ற பைதான் தொகுப்பின் டீபக்கர். வெர்க்ஸாய்க் என்றால் ஜெர்மன் மொழியில் 'கருவி' என்றே பொருள். ரொம்பவும் வசதியான கருவிதான். பக்கம் ஏதாவது தப்பாகி நின்றுவிட்டால், எந்த வரியில் சிக்கல் என்று பிரவுசரிலேயே காட்டும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியும் திறக்கும். அதில் ஒரு கட்டளையை டைப் செய்தால் சர்வர் அதை அப்படியே நிறைவேற்றும். ஃபைலைத் திற என்றால் திறக்கும். டேட்டாபேஸைக் காட்டு என்றால் காட்டும். கேட்பது யார் என்று அப்போது அது விசாரிக்கவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் பொறியாளருக்கு இது வரம். அதே பெட்டி ஊர் உலகத்துக்கே தெரிந்தால், சர்வரின் சாவியைத் தெருவில் வைத்த மாதிரிதான்.

'அது சோதனைக்கு வைத்திருந்த சர்வர்தானே, போனால் போகட்டும்' என்று தோன்றலாம். பெரும்பாலான நிறுவனங்கள் சறுக்குவதும் இந்த நினைப்பில்தான். பேட்ரியானின் அசல் சர்வருக்குள் யாரும் நுழையவில்லை. ஆனால் சோதனை சர்வரில் அசல் டேட்டாபேஸின் நகல் ஒன்று இருந்தது. சோதித்துப் பார்க்க நிஜ மனிதர்களின் விவரம் எதற்கு? கற்பனைப் பெயர்களை நிரப்பி வைத்திருந்தால் திருடனுக்குக் கிடைத்திருப்பது வெறும் பொம்மைப் பெட்டி.

இன்னொரு விஷயம்தான் மனதை உறுத்துகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த டிடெக்டிஃபை என்ற பாதுகாப்பு நிறுவனம், திருட்டுக்கு ஐந்து நாள் முன்பே, செப்டம்பர் 23 அன்று, இந்த டீபக்கர் திறந்து கிடப்பதாகப் பேட்ரியானுக்குத் தகவல் சொல்லியிருந்தது. அவர்கள் அதைக் கண்டுபிடித்தது ஷோடான் மூலம். நாம் கூகுளில் சமையல் குறிப்பு தேடுவதுபோல, இணையத்தோடு இணைந்திருக்கும் சர்வர்களையும் கேமராக்களையும் தேடித் தரும் தளம் அது. நல்லவர்கள் தேடினாலும் கெட்டவர்கள் தேடினாலும் ஒரே விடைதான் தரும்.

பேட்ரியானைப் பாராட்டவும் இடம் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை அப்படியே வைக்காமல் பிக்ரிப்ட் என்ற முறையில் உருமாற்றி வைத்திருந்தார்கள். முழு கிரெடிட் கார்டு எண்கள் அவர்கள் சர்வரிலேயே கிடையாது. விஷயம் தெரிந்ததும் ஜாக் கான்டேவே பயனாளர்களுக்கு எழுதி, எப்படி நடந்தது என்பதையும் சொன்னார். இங்கே பல நிறுவனங்கள் இப்படி ஒரு கடிதம் எழுதுவதே இல்லை.

ஆனாலும் போனது போனதுதான். பாஸ்வேர்டு என்றால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். புனைபெயரில் வரைந்துகொண்டிருந்த ஒருவரின் நிஜப்பெயரையோ, வீட்டு முகவரியையோ, அந்தரங்கமாக அனுப்பிய மெசேஜையோ எதைக் கொண்டு மாற்றுவது? பிறகு சில பயனாளர்களுக்கு பிட்காயின் கேட்டு மிரட்டல் மெயில்களும் வந்தன.

அதே ஆண்டு இறுதியில் வெளியான வெர்க்ஸாய்க் பதிப்பில், அந்தப் பெட்டியைத் திறக்க பின் நம்பர் கேட்கும் வசதி சேர்க்கப்பட்டது. 'பொதுமக்கள் பயன்படுத்தும் சர்வரில் இதை ஒருபோதும் ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கை இப்போதும் அதன் கையேட்டில் இருக்கிறது. பின் நம்பர் வந்துவிட்டதால் கவலையில்லை என்று விட்டுவிட முடியாது என்பதால்தான் அது.

நீங்கள் கோட் எழுதுபவர் இல்லையென்றாலும் இதை ஒருநாள் நேரில் பார்க்கலாம். டிக்கெட் எடுக்கும்போதோ ஃபீஸ் கட்டும்போதோ பக்கம் திடீரென நின்றுபோய், புரியாத கோட் வரிகளும் ஃபைல் பெயர்களும் வரிசையாக வந்து நிற்கும். ஆர்வத்தில் எதையும் தட்டிப் பார்க்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தத் தளத்தை நடத்துபவர்களுக்கு மெயில் அனுப்புங்கள். இந்தியத் தளம் என்றால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்கலாம். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.