ஒரே மலை, ஒரே ஏரி

திருப்பதி

அன்புள்ள தோழிக்கு,

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறவர்கள் ஊர் ஊராகப் போய்க் காடு காட்டத் தேவையில்லை, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிப் போனால் போதும் என்பது என் கட்சி. இந்த ஊர் அதற்கு நல்ல சாட்சி. திருமலை மலைப்பாதையில் மேலே வரிவரியாகப் படிவுப் பாறை, கீழே வரியே இல்லாத பழங்கல். இரண்டுக்கும் நடுவே விடுபட்ட காலம் சுமார் 80 கோடி ஆண்டு என்கிறார்கள் புவியியலாளர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த எண் விளங்காது, விளங்கவும் வேண்டாம். ‘மேலே கோடு இருக்கு, கீழே இல்லை’ என்று அதுவாகச் சொன்னால் பாடம் தொடங்கிவிட்டது. பஸ் ஜன்னலில் ஒரு நொடி பார்த்தால் அந்த வார்த்தை வராது. ஆனால் மேலே செங்குத்துச் சுவரும் கீழே புதர் மண்டிய சரிவுமாக அந்த மலை ஊருக்குள்ளிருந்தே தெரிகிறது. மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற பிள்ளைக்கு ஒருநாள் வரும். செம்மரமும் அப்படித்தான். திருமலை அடங்கிய சேஷாசல மலைத்தொடரையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் இயல்பாக வளர்வது அரிது. முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. தட்டையான வட்டக் காய், சுற்றிலும் மெல்லிய இறகு. புத்தகம் பூவையும் காயையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும். இடையில் போன மாதங்களை மரத்தடியில்தான் பார்க்க முடியும்.

‘மரம், பறவை எதற்கும் எனக்கே பேர் தெரியாதே’ என்பாய். பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலி பள்ளி. அந்தப் பள்ளத்தாக்கு 1991இல் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பறவையியல் நிலையம், வீட்டிலிருந்தபடியே பறவைகளைப் பற்றிப் படிக்கத் தபால்வழிப் பாடமே நடத்தியது. பெரியவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்கலாம், அதில் வெட்கமில்லை. அவ்வளவு பெரிய வளாகம் நமக்கு ஏது என்று கேட்டால், அவர்களுடைய அறிவும் ஒரே பள்ளத்தாக்கை ஆண்டுக்கணக்காகப் பார்த்துச் சேர்ந்ததுதான்.

ஆபத்து பற்றிய பயம் நியாயமானது. 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் சிறுவர்களைப் பிற்பகலுக்கு மேல் அந்த வழியில் விடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. சின்னப் பிள்ளைகளை அடர்காட்டுக்குக் கூட்டிப் போகவே கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். பரீட்சைக்கு என்ன செய்வது என்று கேட்டால், அதைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம், அதற்கு இன்னும் வயது இருக்கிறது. இப்போதைக்குக் காட்டுக்குப் பதில் உங்கள் ஊர் ஏரி போதும்; அது வற்றத் தொடங்கும் மாதத்தில் ஆரம்பி. கொக்கு எந்தக் கரையில் நிற்கிறது என்று மூத்தவனே நோட்டில் குறிக்கட்டும்.

அன்புடன்,
உன் தோழி