உருமி கேட்ட இரவு

2022 ஜூலையில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மைதானத்தில் நெய்தல் கலைவிழா நடந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. கீழவைப்பாரிலிருந்து சித்தப்பாவோடு போனேன். நம்ம ஊர்ச் சப்பரத்துக்கு முன்னால் பேண்ட் வாத்தியம் கேட்டவன்தான் நான். ஆனால் இப்படித் திறந்தவெளியில், இவ்வளவு கூட்டத்தோடு கேட்டதில்லை.

நையாண்டி மேளம் மேடை ஏறியது. நாகசுரம், தவில், பம்பை எல்லாம் போட்டி போட்டு முழங்கி நின்றன. பிறகு உருமி மட்டும்! அந்த அண்ணாச்சி ஒரு பக்கம் குச்சியால் தட்டி, மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தார். வல்லத்தில் மோட்டார் பிடிக்கும்போது வருமே, அந்த உறுமல். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"என்னல, வாயப் பொளந்துட்டு நிக்க?" என்றார் சித்தப்பா.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். அவன் அப்பா உருமி அடிப்பவர். அவனைப் பார்த்தாலே நாங்கள் வாயால் உறுமிக் காட்டுவோம். (ஆரம்பித்து வைத்தவனே நான்தான்.)

திங்கட்கிழமை அவனிடம் போய், "ஏலே, உங்க அப்பா அடிக்கையில என்னையும் கூப்பிடுல" என்றேன்.

"எதுக்கு, சிரிக்கவா?" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குச்சியை எப்படி வளைப்பாங்க என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தான்.

"ஆடியில கொடை இருக்கு. வந்து பாரு" என்றான்.